மாம்பழக் காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடைப் பழங்களில் செய்யும் குளிர்ந்த இனிப்புகள், பானங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அளவுகளில் ஒரு கப் என்பது 240 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. பழக்கூழ் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் தோலும் கொட்டையும் நீக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் அரைத்த கூழ் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாம்பழ மில்க்‌ஷேக் அரைத்து வைத்த கொஞ்ச நேரத்தில் பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகிவிடுகிறது. பால் நல்ல பால்தான். ஒரு நாள் நன்றாக வருகிறது, மறுநாள் இப்படி ஆகிறது. பழம்தான் காரணமா? எதற்கு எந்த மாம்பழம் வாங்குவது என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, ஈரோடு

பதில்: பழம்தான் காரணம். பாலில் புளிப்பு ஏறி, அதன் பிஎச் அளவு 4.6-ஐ நெருங்கினால் கேசீன் என்ற புரதம் திரள ஆரம்பிக்கும். தயிர் உறைவதும், எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பதும் இதே வழியில்தான். நன்றாகக் கனிந்த பழத்தில் புளிப்பு குறைவு, பாலும் அதிகம் என்பதால் ஒன்றும் ஆகாது. மேலே மஞ்சளாகவும் கொட்டையை ஒட்டிய சதை வெளிறிப் புளிப்பாகவும் இருக்கும் பழம் வந்த அன்று திரிந்துபோகும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திரியும்.

செய்முறையைச் சற்று மாற்றுங்கள். பாலைக் காய்ச்சி, ஃப்ரிட்ஜில் வைத்து முழுக்கக் குளிர விடுங்கள். பழத்தையும் துண்டு போட்டுக் குளிர வையுங்கள். ஒரு கப் துண்டுகளை ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு முதலில் தனியாக மை போல் அரையுங்கள். பிறகு ஒன்றரை கப் பால் ஊற்றி 15 விநாடி மட்டும் ஓட விடுங்கள். பாலோடு சேர்த்து நெடுநேரம் அரைத்தால் மிக்ஸி ஜார் சூடாகி, குளிர வைத்த பயனே போய்விடும். அரைத்ததும் குடித்துவிடுங்கள். பழம் லேசாகப் புளிக்கிறது என்று தெரிந்தால் பாலை விட்டுவிட்டுக் கெட்டித் தயிரில் லஸ்ஸியாக அடியுங்கள். அதே புளிப்பு லஸ்ஸியில் ருசியாகவே இருக்கும்.

இனி, எந்தப் பழம் எதற்கு? இமாம்பசந்தையும் மல்கோவாவையும் மிக்ஸியில் போடுவது பெரிய வீண். அந்த வாசனையும் சதையின் பதமும் அறுத்து அப்படியே சாப்பிடுவதற்கானவை. பங்கனபள்ளியில் நார் இல்லை, துண்டு போட்டால் குழையாது. பழ சாலட், கஸ்டர்ட், மில்க்‌ஷேக் மூன்றுக்கும் இதுதான் முதல் தேர்வு. குல்ஃபிக்கும் புட்டிங்குக்கும் அல்போன்சா. அதன் நிறமும் மணமும் பால், கிரீம் எல்லாவற்றையும் தாண்டி மேலே வரும். கிளிமூக்கு மணம் குறைந்தது, ஆனால் மலிவு, சதை அதிகம். பச்சடி, மோர்க்குழம்பு, சர்பத் இவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பெரும்பாலும் அரைபடுவதும் இதுதான். செந்தூரா சீசனின் முதல் பாதியில் வரும். இனிப்போடு ஒரு புளிப்பு ஓடுவதால் ஐஸ் குச்சிக்கு நல்லது. நீலம் கடைசியில் வருவது. மணம் தூக்கலாக இருக்கும், சாறு பிழிய ஏற்றது. ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்கலாம், அறுத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

கேள்வி: அன்னாசிப் பழத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்டு ஜெலட்டினில் ஜெல்லி செய்தேன். ஒரு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் தண்ணீராகவே இருக்கிறது. ஜெலட்டின் பழையதா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஜெலட்டின் நல்லதுதான். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டிக் கூறுபோடும். ஜெலட்டின் முழுக்கப் புரதம் என்பதால், எவ்வளவு போட்டாலும் உறைய விடாது. பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. பப்பாளிக்காய்த் துண்டைப் போட்டு ஆட்டுக்கறியை மெத்தென்று வேக வைப்பதும் இந்தக் குணத்தால்தான்.

வழி இரண்டு. அன்னாசியைப் பொடியாக நறுக்கி, 200 கிராமுக்கு 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, கொதி வந்த பின் 5 நிமிடம் வேக வையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆறிய பின் ஜெலட்டினில் சேர்த்தால் அழகாக உறையும். டின்னில் அடைத்து வரும் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, அதை நேராகப் போடலாம். இரண்டாவது வழி சைனா கிராஸ். அது கடற்பாசியில் இருந்து எடுக்கும் மாவுச்சத்து வகை, புரதம் கிடையாது. நொதி அதைத் தொடாது. சைவம் என்பதால் வீட்டில் எல்லோரும் சாப்பிடவும் முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: பச்சை அன்னாசியைப் பாலிலோ கிரீமிலோ கலந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் கசக்கும். அதே நொதி பால் புரதத்தை வெட்டும்போது கசப்பான துண்டுகள் உண்டாவதுதான் காரணம். பப்பாளி மில்க்‌ஷேக் நேரம் ஆக ஆகக் கசப்பதும் இதனால்தான். அன்னாசி ரைத்தா செய்தாலும் பழத்தை வேக வைத்து ஆற வைத்த பிறகே தயிரில் சேருங்கள்.

கேள்வி: சைனா கிராஸ் மாம்பழ புட்டிங்கில் இரண்டு பிரச்சினை. சில நேரம் கட்டி கட்டியாக இருக்கிறது. சில நேரம் உறைந்த பிறகு சுற்றிலும் தண்ணீர் விடுகிறது. சரியான அளவு வேண்டும்.
– வாசகர், காரைக்கால்

பதில்: அளவு: சைனா கிராஸ் இழைகள் 10 கிராம், தண்ணீர் ஒன்றரை கப், பால் 500 மி.லி., சர்க்கரை 6 டேபிள்ஸ்பூன், கண்டன்ஸ்டு மில்க் 4 டேபிள்ஸ்பூன், மாம்பழக் கூழ் ஒன்றே கால் கப். இழைக்குப் பதில் பொடி என்றால் 6 கிராம் போதும். பொடிக்கு இறுக்கும் சக்தி அதிகம்.

இழைகளைக் கத்தரித்து, சொன்ன தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். ஊறிய தண்ணீரோடே அடுப்பில் வைத்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். சைனா கிராஸ் கரைய 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதாவது கொதித்தே ஆக வேண்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு இழைகூட ஒட்டியிருக்கக் கூடாது. இதற்கு 6 முதல் 8 நிமிடம் ஆகும். பாலைத் தனியாகச் சர்க்கரை, கண்டன்ஸ்டு மில்க் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். கொதிக்கும் பாலில் கொதிக்கும் சைனா கிராஸை வடிகட்டி ஊற்றிக் கலக்குங்கள்.

உங்கள் கட்டிகள் அடுத்த கட்டத்தில்தான் வருகின்றன. சைனா கிராஸ் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடும், ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற மாம்பழக் கூழை அதில் ஊற்றினால் கூழ் பட்ட இடமெல்லாம் அந்த நொடியே உறைந்து கட்டியாகும். கூழ் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து லேசாக வெதுவெதுப்பாக்கினால் இன்னும் நல்லது. பால் கலவையை அடுப்பில் இருந்து இறக்கி, 5 நிமிடம் விட்டு, கூழைக் கலந்து, உடனே தட்டில் ஊற்றிவிடுங்கள். அடுப்பின் மேலேயே கூழைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் பால் திரியும், புளிப்போடு சேர்ந்து கொதித்த சைனா கிராஸும் இறுக்கம் குறையும்.

தண்ணீர் விடுவது சைனா கிராஸின் இயல்பு. உறைந்த பின் மெல்ல இறுகும்போது உள்ளே பிடித்து வைத்த நீரை வெளியே தள்ளும். அளவு கூடினால் இறுக்கம் கூடும், குறைந்தால் நீர் விடுவது கூடும். எனவே மேலே சொன்ன அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். வெட்டிய துண்டுகளை மூடிய டப்பாவில் வையுங்கள், ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள். ஒரு முறை உறைந்ததைக் கலக்கி மறுபடி ஊற்றுவதும் கூடாது. உறைந்தது சரியில்லை என்றால் முழுக்கக் கொதிக்க வைத்தால்தான் மீண்டும் உறையும், மாம்பழம் சேர்த்ததில் அதுவும் முடியாது.

நோன்புக் காலத்தில் கடல்பாசி செய்யும் வீடுகளில் பாலுக்குப் பதில் இளநீரும் சர்க்கரையும் சேர்த்து, உள்ளே மாம்பழத் துண்டு, மாதுளை முத்து தெரிய உறைய வைப்பார்கள். கோடை மதியத்துக்கு அது பால் புட்டிங்கைவிட இதமானது. 10 கிராம் இழைக்கு ஒரு கப் தண்ணீர், மூன்று கப் இளநீர், அரை கப் சர்க்கரை. சைனா கிராஸைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை சேர்த்து இறக்கி, அறை வெப்பத்தில் உள்ள இளநீரைக் கடைசியில் கலக்க வேண்டும். இளநீரைக் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும்.

கேள்வி: வீட்டில் செய்யும் மாம்பழ குல்ஃபியில் ஐஸ் நறநறவென்று பல்லில் மாட்டுகிறது. கடைக் குல்ஃபி மாதிரி வழவழப்பாக வருவதற்கு என்ன சேர்ப்பார்கள்?
– வாசகி, வேலூர்

பதில்: எதையும் கூடுதலாகச் சேர்ப்பதைவிட, தண்ணீரை எடுப்பதுதான் முக்கியம். பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கு மேல். இந்த நீர் தனித்து நின்று மெல்ல உறையும்போது பெரிய பெரிய ஐஸ் படிகமாகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும் நம் ஊர்க்காரர்களில் பலர் பழத்தை மட்டும் அப்படியே அரைத்து ஊற்றுகிறார்கள். நறநறப்பு அங்கேதான் வருகிறது.

கொழுப்பு 6 சதவீதம் உள்ள பால் ஒரு லிட்டரை, அடி கனமான அகலப் பாத்திரத்தில், ஓரத்தில் படியும் ஆடையை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே, 450 மி.லி. ஆகும்வரை காய்ச்சுங்கள். 40 முதல் 50 நிமிடம் பிடிக்கும். தீ கூடினால் அடிப்பிடித்து, அந்தக் கருகல் வாசனை குல்ஃபி முழுக்கப் பரவும். ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவை 3 டேபிள்ஸ்பூன் ஆறிய பாலில் கரைத்து ஊற்றி, 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து இறக்கி, முழுக்க ஆறிய பின் ஃப்ரிட்ஜில் 3 மணி நேரம் வையுங்கள்.

ஒன்றரை கப் மாம்பழக் கூழை நான்ஸ்டிக் வாணலியில் சிறு தீயில் கிளறி, ஒரு கப் ஆக வற்ற வையுங்கள். அதையும் குளிர வையுங்கள். இரண்டும் சில்லென்று ஆன பிறகே கலக்க வேண்டும். சூடான பாலில் கூழை ஊற்றினால் திரிவது ஒரு பக்கம், மாம்பழ மணமும் ஆவியாகிவிடும். ஏலக்காய் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அல்போன்சா மணத்தை அது மறைத்துவிடும். எசன்ஸ் பக்கமே போகாதீர்கள். நல்ல பழம் இருக்கும்போது அது பழத்துக்குச் செய்யும் அநியாயம்.

அச்சு சிறியதாக இருக்கட்டும். 60 முதல் 80 மி.லி. பிடிக்கும் அச்சு சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறியதாக இருக்கும். ஒரு பெரிய டப்பாவில் மொத்தமாக ஊற்றினால் நடுப்பகுதி உறைய இரவெல்லாம் ஆகும், படிகம் வளரும். ஃப்ரீசரை அன்றைக்கு மட்டும் அதிகக் குளிருக்குத் திருப்பி வையுங்கள். மூடி இல்லாத அச்சு என்றால் அலுமினிய ஃபாயில் போட்டு இறுக்கி மூடி, குச்சியைச் செருகுங்கள். 8 மணி நேரம் ஆனதும் குழாய்த் தண்ணீரில் 10 விநாடி முக்கி எடுத்தால் கழன்று வரும். வெந்நீர் வேண்டாம், மேல்பகுதி உருகி மறுபடி உறைந்தால் அந்தப் படலம் நறநறக்கும்.

இனிப்பு ஆறிய நிலையில் சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும். குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதற்காக 120 கிராமைத் தாண்டினால் உறையாமல் கொழகொழவென்று நிற்கும். சர்க்கரை உறைநிலையைக் கீழே தள்ளிவிடும்.

கிரீம் அடித்து ஐஸ்கிரீமாகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான் இருக்கும். அது எவ்வளவு அடித்தாலும் பொங்கி நிற்காது. கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் உள்ள விப்பிங் கிரீமை, பாத்திரம், பீட்டர் இரண்டையும் குளிர வைத்து அடித்தால்தான் உப்பும்.

கேள்வி: பாலே சேர்க்காமல், பழத்தை மட்டும் வைத்து ஐஸ் செய்ய முடியுமா? வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. இதில் சர்க்கரை அளவுதான் எல்லாம். குறைந்தால் கல், கூடினால் கஞ்சி. மாம்பழக் கூழ் 3 கப், சர்க்கரை முக்கால் கப், தண்ணீர் அரை கப், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, ஆற வைத்து, எல்லாவற்றையும் கலக்குங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. புதிய முட்டை ஒன்றை ஓட்டோடு நன்றாகக் கழுவித் துடைத்து, கலவையில் மெல்ல விடுங்கள். முட்டையின் மேல்பகுதி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெளியே தெரிந்தால் சர்க்கரை சரி. மூழ்கினால் பாகு சேருங்கள், அதற்கு மேல் தூக்கி மிதந்தால் பழச்சாறு சேருங்கள். பழத்துக்குப் பழம் இனிப்பு மாறுவதால் கரண்டிக் கணக்கைவிட இது நம்பகமானது. பழைய முட்டையில் காற்று ஏறியிருக்கும், எதிலும் மிதக்கும், அது உதவாது.

அகலமான தட்டில் ஊற்றி, 4 மணி நேரம் உறைந்ததும் துண்டுகளாக உடைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, மீண்டும் 2 மணி நேரம் உறைய வையுங்கள். வழவழப்பு வந்துவிடும். தர்பூசணியில் நீர் அதிகம், இனிப்பு குறைவு என்பதால் இந்த முறை சரிவராது. அதை 45 நிமிடத்துக்கு ஒரு முறை முட்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, பூந்துருவலாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: மாம்பழம், தேங்காய்ப்பால் ஜவ்வரிசி செய்தால் பசை போல் ஒட்டிக்கொள்கிறது.
– வாசகி, நாமக்கல்

பதில்: நைலான் ஜவ்வரிசி வாங்குங்கள். மாவு ஜவ்வரிசி வடாமுக்கும் கிச்சடிக்கும். பாலிலும் பழத்திலும் அது கரைந்துவிடும். அரை கப் நைலான் ஜவ்வரிசிக்கு ஐந்து கப் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே ஜவ்வரிசியைப் போட வேண்டும், ஊற வைக்க வேண்டாம். 12 நிமிடம் வேக விட்டு, மணியின் நடுவில் ஊசிமுனை வெள்ளை தெரியும்போதே அடுப்பை அணைத்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். பின்பு சல்லடையில் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஒட்டுவது வெளியே கசிந்த மாவுதான், அலசினால் அது போய்விடும். இரண்டு கப் குளிர்ந்த மாம்பழக் கூழ், ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், 4 டேபிள்ஸ்பூன் கண்டன்ஸ்டு மில்க், மேலே பொடித் துண்டு மாம்பழம். நான்கைந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருந்தால் மணி இறுகி ரப்பராகும்.

கேள்வி: இளநீர் பாயசத்தில் தேங்காய்ப்பால் பிரிந்து மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது. அதே முறையில் நுங்குப் பாயசம் செய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்திருப்பீர்கள். கெட்டிப்பால் கொதித்தால் கொழுப்பு பிரியும். இந்தப் பாயசத்தில் அடுப்பு ஏறுவது மாட்டுப்பால் மட்டும். 500 மி.லி. பாலை 350 மி.லி. ஆகக் காய்ச்சி, 4 டேபிள்ஸ்பூன் கண்டன்ஸ்டு மில்க் கலந்து குளிர வையுங்கள். வழுக்கை ஒரு கப் எடுத்து, பாதியைக் கால் கப் இளநீரில் அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்குங்கள். இவற்றோடு ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பாலைக் குளிர்ந்த பாலில் கலக்கினால் முடிந்தது. வழுக்கை மெல்லிய ஆடை பதத்தில் இருக்கட்டும். தேங்காயாக முற்றத் தொடங்கியதை அரைத்தால் திப்பி நாக்கில் நிற்கும். அன்றே தீர்த்துவிடுங்கள், இளநீர் சேர்ந்தது மறுநாள் புளித்துவிடும்.

நுங்கில் செய்யலாம், ஆனால் அரைக்காதீர்கள். நுங்கின் இன்பமே அந்த வழுக்கும் பதமும் உள்ளே இருக்கும் நீரும்தான். பழுப்புத் தோலைக் கையால் உரித்து எடுத்துவிடுங்கள், துவர்ப்பு முழுக்க அதில்தான். விரலால் அழுத்தினால் குழியும் இளசாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு நுங்கை நறுக்கி, அதன் நீரோடே சேர்த்து, பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும். முற்றிய நுங்கு ஜீரணமாகாமல் வயிற்று வலி கொடுக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வடநாட்டில் செய்யும் மாங்காய் பானம், ஆம் பன்னா. அளவு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புளிப்பு மாங்காய் அரை கிலோ. தோலோடு குக்கரில் 2 விசில். ஆறியதும் சதையைப் பிசைந்து எடுத்தால் ஏறக்குறைய 300 கிராம் வரும். அதனுடன் பொடித்த வெல்லம் 250 கிராம், வறுத்துப் பொடித்த சீரகம் 2 டீஸ்பூன், கறுப்பு உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், ஒரு கைப்பிடி புதினா சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இருந்தால் முதலில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கு 3 டேபிள்ஸ்பூன். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

கசக்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு உடைந்து சதையோடு அரைபட்டிருக்கும். கொட்டை கட்டிய மாங்காயாகப் பார்த்து முழுதாக வேக வையுங்கள். அலுமினியம், பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

கேள்வி: பழ கஸ்டர்ட் மறுநாள் தண்ணீராகிவிடுகிறது. கஸ்டர்ட் பவுடரைக் கூட்டிப் பார்த்தும் அப்படியே.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பவுடரைக் கூட்ட வேண்டாம், 500 மி.லி. பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் சரியான அளவு. நீர்த்துப்போக மூன்று காரணம். கஸ்டர்ட் பவுடர் சோள மாவுதான். கெட்டியானதும் இறக்காமல், கொப்புளம் விட்டுக் கொதித்த பின் 2 நிமிடம் கிளற வேண்டும், இல்லையென்றால் ஆறியதும் இளகும். அடுத்தது, ருசி பார்த்த கரண்டியை மறுபடி உள்ளே விடுவது. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும். ஒரு கரண்டி போதும், மறுநாள் பாத்திரமே தண்ணீர். மூன்றாவது, முன்கூட்டியே பழம் போடுவது. கஸ்டர்டில் உள்ள சர்க்கரை பழத்தின் நீரை இழுத்துவிடும். மாம்பழம், வாழை, சப்போட்டா எதுவானாலும் பரிமாறும்போது கலக்குங்கள். அன்னாசியைப் பச்சையாகப் போடவே வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

கேள்வி: காயாக வாங்கிய மாம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் பழுக்கவில்லை, சுருங்கி, ருசியே இல்லை. கார்பைட் கல் இல்லாமல் எப்படிப் பழுக்க வைப்பது?
– வாசகர், மதுரை

பதில்: மாங்காய் வெப்பப் பகுதிக் காய். ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் அதன் உள்ளே பழுக்கும் வேலையே கெட்டுவிடும், வெளியே எடுத்து வைத்தாலும் திரும்பாது. முழுதாகப் பழுத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ், அதுவும் மூன்று நான்கு நாள்.

வைக்கோலிலோ, செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியிலோ, காம்பு கீழ்நோக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். நடுவில் ஒரு கனிந்த வாழைப்பழம் வையுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும். தினமும் திறந்து பாருங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் போகும். கால்சியம் கார்பைடால் பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. வியாபாரிகளுக்கு அனுமதி எத்திலீன் வாயு மட்டும்தான்.

கேள்வி: மாம்பழம் சாப்பிட்டால் மகளுக்கு வாயோரம் தடித்து அரிக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலும் காம்பிலும் தோலிலும் உள்ள பால்தான் காரணம். பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, கழுவி, காம்புப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, தோலைத் தடிமனாகச் சீவி, கத்தியைக் கழுவிய பின் துண்டு போட்டு முட்கரண்டியில் கொடுங்கள். தோலோடு கடித்துச் சப்பக் கூடாது. இப்படிக் கொடுத்தும் தடித்தால், அல்லது உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், மாம்பழத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாம்பழத்தில் என்ன செய்து தரலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 100 கிராம் மாம்பழத்தில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து, அதில் பெரும்பகுதி சர்க்கரை. அளவை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். அனுமதித்த அளவைச் சாறாக்காமல் துண்டாகவே கொடுங்கள், அன்றைய சோற்றை அதற்கேற்பக் குறையுங்கள். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி 4 மணி நேரம் தொங்கவிட்டு, அந்தத் தயிரில் அந்தத் துண்டுகளை மசித்துக் கலந்தால் சர்க்கரை போடாமலே ஒரு நல்ல இனிப்பு கிடைக்கும். மாங்காய்த் துருவல் போட்ட மோரும் அவருக்குத் தரலாம்.

கேள்வி: சீசன் முடிந்த பிறகும் பயன்படுத்த மாம்பழக் கூழை எப்படிச் சேமிப்பது? பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: பதனச் சரக்கும் ஆலைக் கருவிகளும் இல்லாமல் அலமாரி வேண்டாம். சில நாளிலேயே புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். வீட்டுக்கு ஃப்ரீசர்தான்.

ஒரு கிலோ கூழுக்கு 100 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சாறு நிறம் கறுக்காமல் காக்கும். நார் உள்ள பழம் என்றால் சல்லடையில் தேய்த்து எடுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். பையின் மேல் பழத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி உறைய வைக்காதீர்கள், உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும்.

மின்வெட்டு நேரத்தில் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். ஓரம் மட்டும் இளகி, நடுவில் ஐஸ் இன்னும் கெட்டியாக இருந்தால் மறுபடி உறைய விடலாம். பதம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகினாலும் இன்னும் சில்லென்று இருக்கும் கூழை மறுபடி உறைய வைக்காமல், எடைக்குப் பாதி சர்க்கரை போட்டுக் கிளறி ஜாமாக மாற்றிவிடுங்கள். குளிர்ச்சியே போய்விட்டது, புளித்த வாசனை வருகிறது என்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.